விரல் காட்டிய எட்டு வயதுச் சிறுமி

கேள்வி: எங்கள் வீடு மும்பை மாட்டுங்காவில். என் மாமியாருக்கு 91 வயது. 1934-இல் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. என் மகனுக்கு 13 வயது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். பாட்டியைக் கேட்டு போனில் பதிவு செய்தான். மாடி வீட்டில் இருந்த காலேஜ் அண்ணா மடித்த தாள்களைக் கொடுப்பாராம். பாட்டி அதை டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்து, ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வருவாராம். அப்பாவுக்குத் தெரியாது. "காந்தியைப் பிடிச்ச அன்னைக்குத்தான் கப்பல் வெடிச்சுது, ஊரே ஆடிப்போச்சு" என்றும் சொன்னார். பையன் இணையத்தில் தேடிவிட்டு, "காந்தியைப் பிடிச்சது 1942, கப்பல் வெடிச்சது 1944. பாட்டி கதை விடறாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அதோடு அவர் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் அன்று ராத்திரி என்னிடம் மட்டும், "அந்த அண்ணாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான். வாசல்ல ஒருத்தன் கேட்டான், நான் மாடியைப் பார்த்து விரலைக் காட்டிட்டேன். ரெண்டு நாள்ல பிடிச்சுண்டு போயிட்டா" என்று சொல்லி அழுதார். அண்ணாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கைச் சுட்டுவிரலை மடக்கி இடது கைக்குள் வைத்துக்கொள்கிறார். என் கொழுந்தனார், தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போடலாமே என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இனி இதைப் பற்றிப் பேசாமலே விட்டுவிடலாமா?
– மாட்டுங்கா வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அந்த மடக்கிய விரலை நீங்கள் கவனித்து எழுதியிருந்தது என்னை நிறுத்திவிட்டது. முதியவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்துவருகிறேன். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும் என்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுவிட வேண்டாம். எண்பது வருடத்துக்கும் மேலாகப் பூட்டி வைத்திருந்ததை உங்களிடம் திறந்திருக்கிறார். இப்போது எல்லோரும் சேர்ந்து மௌனமாகிவிட்டால், "நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பு போலிருக்கிறது" என்றுதான் அவருக்குத் தோன்றும்.

பையன் சொன்ன தேதிகளைப் பார்ப்போம். தேதியில் அவன் சரி. 1942 ஆகஸ்ட் 8 இரவு கோவாலியா டேங்க் மைதானத்தில் காங்கிரஸ் கமிட்டி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. விடிவதற்குள் காந்தியையும் மற்ற தலைவர்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தது 1944 ஏப்ரல் 14, சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு. வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஒன்றாக ஏற்றிவந்த கப்பல். அரை மணி இடைவெளியில் இரண்டு பெரிய வெடிப்புகள். நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் எரிந்து போயின.

ஆனால் பாட்டி கதை விடுகிறார் என்று அவன் சொன்னது தவறு. உங்கள் மாமியாருக்கு 1942-இல் எட்டு வயது, கப்பல் வெடித்தபோது ஒன்பதோ பத்தோ. அதோடு நிற்கவில்லை. 1946 பிப்ரவரி 18-இல் தல்வார் பயிற்சித் தளத்தில் ஆரம்பித்துக் கடற்படைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக ஊரே கடையடைத்தது. தெருவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 200-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அப்போது அவருக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. மூன்றும் ஒரே ஊரில் நடந்தவை. இரண்டில் கப்பல் இருக்கிறது. மூன்றிலும் பெரியவர்கள் அவசரமாக ஜன்னலைச் சாத்தினார்கள், குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள், என்ன நடந்தது என்று சொல்லாமல் கிசுகிசுத்தார்கள். கப்பல் வெடித்த செய்தி போர்க்காலத் தணிக்கையால் உடனே பத்திரிகையில் வரவும் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்றுதான் ஊரில் பேச்சு. பெரியவர்களுக்கே தெளிவாகச் சொல்லப்படாததை ஒரு குழந்தை எப்படித் தேதிவாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளும்?

குழந்தைப் பருவ நினைவு காலண்டரோடு சேர்ந்து பதிவதில்லை. சத்தம், வாசனை, அம்மாவின் முகம், தரையின் குளிர்ச்சி இவையெல்லாம்தான் பதிகின்றன. எந்த வருடம் என்பது பிற்பாடு பெரியவர்கள் பேசக் கேட்டும், பள்ளிப் புத்தகத்தில் படித்தும் ஒட்டிக்கொள்வது. ஒட்டியது இடம் மாறலாம். அதனால் உள்ளே இருப்பது பொய்யாகிவிடாது. காந்தியைப் பிடித்ததும் ஊர் அதிர்ந்ததும் அந்தச் சிறுமிக்கு ஒரே பயம், அதனால் ஒரே நாளாகிவிட்டது. இதைப் பையனுக்கு அப்படியே சொல்லுங்கள். 13 வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

மடித்த தாள் விஷயத்துக்கு வருவோம். அதை நான் நம்புகிறேன். தலைவர்கள் எல்லோரும் உள்ளே போனபின் போராட்டத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் காலேஜ் மாணவர்களும் இளைஞர்களும்தான். பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் சைக்ளோஸ்டைல் என்ற கையால் பிரதி எடுக்கும் முறையில் அச்சான தாள்களில்தான் செய்தி கைமாறிக்கொண்டிருந்தது. இதே பம்பாயில் 22 வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை ரகசிய காங்கிரஸ் ரேடியோவை, இடம் மாற்றி மாற்றி நடத்தினார்கள். கஸ்தூர்பா பேசுவதாக இருந்த சிவாஜி பார்க் கூட்டம் உங்கள் மாட்டுங்காவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆகஸ்ட் 9 அன்று அந்தக் கூட்டத்துக்குக் கிளம்பியபோதுதான் அவரையும் கைது செய்தார்கள். ஆக, மாட்டுங்காவில் மாடி வீட்டுக் காலேஜ் பையன் ஒருவன் தாள் விநியோகித்திருப்பான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டிபன் டப்பா தூக்கிப் போகும் எட்டு வயதுப் பெண்ணை எந்தப் போலீஸ்காரனும் நிறுத்திச் சோதனை போட மாட்டான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

குழந்தைகளைப் போராட்டத்தில் சேர்ப்பது அப்போது புதிதும் இல்லை. 1930-இல் அலகாபாத்தில் 12 வயது இந்திரா, பின்னாளில் பிரதமரானவர், வானர சேனை அமைத்துச் சிறுவர்களைத் திரட்டினார். கொடி தைப்பது, சேதி கொண்டுபோவது அவர்கள் வேலை. உஷா மேத்தாவே எட்டு வயதில், 1928-இல், சைமன் கமிஷனை எதிர்த்துக் கோஷம் போட்டவர். போலீஸ் தடியடியில் கொடி பிடித்திருந்த சிறுமி கொடியோடு கீழே விழ, குழந்தைகள் எல்லோரும் கொடியின் வர்ணங்களில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஊர்வலம் போன கதையைப் பெரியவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இருந்தால்தானே தட்டிவிடுவாய், உடம்பிலேயே இருந்தால் என்ன செய்வாய் என்ற பிள்ளைத்தனமான கெட்டிக்காரத்தனம் அது. எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஆனால் புராஜெக்டுகளில் இந்த மாதிரிக் கதைகள் மட்டும் வருவதில் எனக்கு வருத்தமும் உண்டு. காசியில் 15 வயதில் பிரம்படி வாங்கிய சந்திரசேகர ஆசாத், நந்துர்பாரில் 1942 செப்டம்பரில் கொடி ஊர்வலத்தில் சுடப்பட்ட பள்ளி மாணவன் சிரீஷ்குமார் ஆகியோரை நாம் வணங்குகிறோம், வணங்க வேண்டியவர்கள்தான். எல்லாக் குழந்தைகளும் அப்படி இருந்தார்கள் என்று நினைத்துவிடும்போதுதான் உங்கள் மாமியாரைப் போன்றவர்களுக்கு மூச்சு முட்டுகிறது. அவர் வளர்ந்த வீட்டை யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்குச் சர்க்கார் தயவில் சம்பளம். வேலை போனால் வாடகை இல்லை, அரிசி இல்லை. மாடியில் கதர் போட்ட அண்ணா, வாத்ஸல்யமாகப் பேசுகிறவர், பெரிய வேலையை நம்பி ஒப்படைக்கிறவர். இரண்டு பேர் மேலும் அந்தக் குழந்தைக்குப் பிரியம். அப்பாவிடம் அண்ணாவை மறைக்க வேண்டும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அப்பா முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டிருப்பார். அண்ணாவின் தியாகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எட்டு வயதுக் குழந்தையின் டிபன் டப்பாவில் ஜெயில் தண்டனைக்குரிய தாளை வைத்தபோது, அது பயந்தால் யாரிடம் போய்ச் சொல்லும் என்று அவரும் யோசிக்கவில்லை.

அந்த விரலைப் பற்றி இப்போது சொல்கிறேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லேம்மா, நீங்க சின்னக் குழந்தை, மறந்துடுங்கோ" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்பாகத்தான் சொல்வோம். ஆனால் கேட்கிறவருக்கு அது கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். அதே போல, "உங்களால் இல்லை" என்று தீர்ப்பும் சொல்ல வேண்டாம். வாசலில் நின்றவன் யார், ரகசியப் போலீஸா, சும்மா கேட்டவனா, யாருக்கும் தெரியாது. போலீஸுக்குக் கைது செய்ய ஒரு குழந்தையின் விரல் தேவைப்படவில்லை என்பது மட்டும் உண்மை. முன்கூட்டியே பட்டியல் வைத்திருந்தார்கள், ஆள் வைத்துக் கண்காணித்தார்கள். காங்கிரஸ் ரேடியோவையே உடன் வேலை செய்த ஒரு தொழில்நுட்ப ஆள்தான் காட்டிக்கொடுத்தார். இதை நீங்கள் சொல்லலாம், ஆறுதலாக அல்ல, ஒரு தகவலாக. அவர் தானாக எடைபோட்டுக்கொள்ளட்டும்.

குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கெட்டது எது நடந்தாலும் அதற்கு முன்னால் தான் கடைசியாகச் செய்ததுதான் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிடும். அம்மாவிடம் கோபித்துக்கொண்ட மறுநாள் அம்மாவுக்கு ஜுரம் வந்தால், தன் கோபத்தால் வந்தது என்றே நம்பும். கூட இருக்கும் பெரியவர்கள் பேசிப் பேசி அந்த முடிச்சை அவிழ்ப்பார்கள். உங்கள் மாமியாருக்கு அப்படி அவிழ்க்க யாரும் இல்லை. அப்பாவிடம் சொன்னால் தாள் கொண்டுபோனதும் தெரிந்துவிடும். எப்படிச் சொல்லியிருப்பார்?

வயதும் அடையாளமும் மாற்றி ஒன்று சொல்கிறேன். தாராவியில் ஒரு பெரியவரைச் சில வருடம் முன்பு பார்த்துக்கொண்டிருந்தேன். 1946 கலவரத்தின்போது அவருக்கு ஒன்பது வயது. கூட்டம் ஓடி வந்ததில் தம்பியின் கையை விட்டுவிட்டார். தம்பி சாயங்காலத்துக்குள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். பிற்பாடு கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்தான். ஆனாலும் அண்ணன் அந்தக் கையை விட்டதை மறக்கவே இல்லை. நான் என்னவெல்லாமோ பேசிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு நாள் ஊரிலிருந்து வந்த கொள்ளுப்பேத்தி அவர் மடியில் தூங்கிப்போனாள். அவளுக்கும் ஒன்பது வயது. அவள் கையைத் தன் உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "எனக்கும் இவ்வளவு சின்னக் கைதான் இருந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வர ஆரம்பித்தது.

உங்கள் கட்டடத்திலோ உறவிலோ எட்டு வயதுக் குழந்தை இருந்தால், சும்மா விளையாட வரச் சொல்லுங்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும், பல் விழுந்த வாயால் கதை சொல்லட்டும். எதையும் ஒப்பிட்டுப் பேச வேண்டாம். 91 வயதில் அவர் மனத்தில் அந்தச் சிறுமியும் ஒரு பெரிய மனுஷியாகவே உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்தே செய்தவளாக. அவள் எவ்வளவு சின்னவள் என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

பையன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும். நீளமாக மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. "பாட்டி, நான் தேதியை மட்டும் பார்த்துட்டுப் பேசிட்டேன். தப்பு. எனக்கு நீங்க பார்த்ததுதான் வேணும்" என்றால் போதும். அன்றே பதிவு செய்ய உட்கார வேண்டாம். ரெண்டு மூணு நாள் போகட்டும். பிறகு காலையில், காபி குடித்துத் தெம்பாக இருக்கும்போது, அரை மணிக்கு மேல் போகாமல் ஆரம்பிக்கலாம். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் அவன் உட்காரட்டும். சாயங்காலமோ படுக்கப் போகும் நேரமோ வேண்டவே வேண்டாம், கிளறிவிட்டது ராத்திரி முழுக்கத் தூங்க விடாது.

கேள்விகளும் மாற வேண்டும். "சுதந்திரப் போராட்டத்தில் என்ன செய்தீர்கள்?" என்பது மேடைக் கேள்வி, அதற்கு யாராக இருந்தாலும் மேடைப் பதில்தான் வரும். அந்தச் சிறுமியைக் கேட்கச் சொல்லுங்கள். 1943-இல் ரேஷன் வந்தபோது வீட்டில் அரிசி போதியதா, அம்மா என்ன சமைத்தார்? யுத்த காலத்து இருட்டடிப்பில் ஜன்னலுக்கு என்ன ஒட்டினீர்கள், இருட்டில் எப்படி விளையாடினீர்கள்? கிங்ஸ் சர்க்கிளுக்கு டிராம் வருமே, அதில் தனியாக ஏறியதுண்டா? பள்ளிக்கூடத்தில் தக்ளியில், அதாவது கைக்கதிரில், நூல் நூற்கச் சொல்லிக்கொடுத்தார்களா? விடியற்காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு பிரபாத் பேரி போனால் எழுந்து பார்க்க விடுவார்களா? 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, அவருக்கு 13 வயது, இன்றைக்கு உங்கள் பையனுக்கு இருக்கிற வயது. அன்றைக்கு என்ன உடுத்திக்கொண்டார்? அதற்குப் பிறகு பிரிவினையில் வந்தவர்கள் பக்கத்திலேயே சயான் கோலிவாடாவில் வந்து குடியேறினார்களே, வகுப்பில் புதுப் பெண்கள் யாராவது சேர்ந்தார்களா? இப்படிக் கேட்டால் அவன் எழுதுவது வேறு எந்தப் பிள்ளையின் நோட்டிலும் இருக்காது. தேதி தவறினால் நடுவில் திருத்த வேண்டாம். நோட்டில் ஒரு பக்கம் பாட்டி சொன்னது, எதிர்ப் பக்கம் புத்தகத்தில் இருப்பது என்று எழுதட்டும். பார்த்துவிட்டு அவன் ஆசிரியர் சந்தோஷப்படுவார் என்றே நினைக்கிறேன்.

ஏற்கெனவே பதிவு செய்ததைக் குடும்ப வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். விரல் காட்டிய விஷயம் அவர் உங்களிடம் மட்டும் சொன்னது. புராஜெக்டில் அது வரலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பென்ஷன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் தியாகி பென்ஷனுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும், பெண்களுக்கு மூன்று மாதம். தாள் கொண்டுபோனதற்கு அதில் இடம் கிடையாது. அதை விடப் பெரிய காரணம், காட்டிக்கொடுத்தவள் என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம் தியாகி என்று ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டால் உள்ளே நொறுங்கிவிடுவார். கொழுந்தனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று நாள், இடம், ஆள் குழம்பினால் அன்றைக்கே காட்ட வேண்டும். இந்த வயதில் சிறுநீர்த் தொற்றுகூட அப்படிக் குழப்பும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. துக்கம்தான் தெரிகிறது.

அந்த அண்ணா என்ன ஆனார் என்று தேட உங்களுக்கே ஆசை வரலாம். கோட்டைப் பகுதியில் எல்ஃபின்ஸ்டன் காலேஜ் கட்டடத்தில் மகாராஷ்டிர அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய போலீஸ், உள்துறைக் கோப்புகள் அங்கே உண்டு. ஆனால் அவராகக் கேட்காமல் போகாதீர்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் அந்தக் கதவை நாம் தட்டக் கூடாது.

அந்த அண்ணாவின் பெயரையும் நீங்கள் கேட்க வேண்டாம். அவர் எப்படி இருப்பார், மூக்குக் கண்ணாடி போடுவாரா, உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவாரா, எதற்கெல்லாம் சிரிப்பார் என்று கேளுங்கள். இத்தனை வருடமாக அவரைப் பிடித்துக்கொண்டு போன நாள் மட்டும்தான் உங்கள் மாமியாருக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிய சாயங்காலங்களும் இருந்திருக்கும். பேச்சுவாக்கில் ஒரு நாள் பெயர் தானாக வாயில் வரும். அப்போது பையன் பக்கத்தில் இருந்தால், ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதிவிட்டுப் பாட்டியிடம் காட்டி, "சரியா எழுதியிருக்கேனா?" என்று கேட்கட்டும்.